மீசைப்புலிமலைக்கு இருவர்

மலைக்குப் போகிற ஜனங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஏரியில் படகு விட்டு, குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, தைலப் புட்டி ஒன்றும் வர்க்கிப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் முதல் வகை. முதுகிலே மூட்டை, கையிலே கோல், இரவிலே கூடாரம் என்று புறப்படுகிறவர்கள் இரண்டாவது வகை. இந்த இரண்டாவது வகையாரைக் கண்டால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வருகிறது. "கை நிறையக் காசைக் கொடுத்துக் கால் நிறையக் கொப்புளம் வாங்கி வருகிறார்கள்" என்கிறார்கள். வேறு சிலரோ, இது வெள்ளைக்காரன் நமக்குப் பழக்கிவிட்டுப் போன வேடிக்கை என்கிறார்கள்.

எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. மலை ஏறுவதில் நம் ஜனங்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பழனி மலைப் படிகளைக் காவடியோடு ஏறியவர்கள் நம் முன்னோர். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கில் தடி ஒன்றை ஊன்றிக்கொண்டே இன்றும் ஏறுகிறார்கள். சபரிமலைக்குப் பெரிய பாதை வழியாகச் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் எத்தனையோ பேர். நமக்குப் புதியது மலையேற்றம் அல்ல; சாமியைச் சாக்கு வைக்காமல், மலைக்காகவே மலையேறுவதுதான் புதியது.

ஆனால் பழைய யாத்திரையில் சாமியைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று விரதம், மற்றொன்று குருசாமி. பல முறை மலைக்குப் போய் வந்த அந்தப் பெரியவர் நில் என்றால் லட்சாதிபதியும் நிற்பான். நட என்றால் நடப்பான். இன்றைய உல்லாச யாத்திரைக்காரர்கள் சாமியை விட்டுவிட்டுப் போனால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். குருசாமியை விட்டுவிட்டுப் போனால் மலை மன்னிப்பதில்லை. சென்ற ஜனவரியில் நானும் என் மனைவியும் சென்று வந்த பிரயாணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த வயதிலா?

கல்யாணமாகி இருபது வருஷங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த பிரயாணங்களுக்கு ஒரு ஜாபிதா எழுதினால், அதில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரித்தல் ஆகிய மூன்று தலைப்புகளே இருக்கும். பெண் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு திடீரென்று பெரியதாகிவிட்டது. "நாம் இரண்டு பேரும் எங்கேயாவது மலைக்குப் போய் நடந்துவிட்டு வரலாமா?" என்று என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

உறவினர்களுக்குச் செய்தி எட்டியதும் ஒரே அமளி. "நாற்பத்தைந்து வயதில் கூடாரத்திலா படுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார் என் மைத்துனர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன் ஆகையால் அவருக்கு இலக்கணத்திலிருந்தே பதில் சொன்னேன். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரிய பொருள் தலைவனும் தலைவியும் கூடுதல். இதற்குத் தொல்காப்பியர் வயது வரம்பு ஒன்றும் விதிக்கவில்லை. மைத்துனர் மறு பேச்சுப் பேசவில்லை.

போடியிலிருந்து மேலே

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயிலில் போனோம். 1928-ஆம் வருஷம் போடப்பட்ட இந்தப் பாதையில் சிறிய ரயில் 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோயிற்று. அகலப் பாதையாக மாற்றிப் போடி வரைக்கும் மறுபடியும் ரயில் விட 2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆயிற்று. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊர் அல்லவா? ஜனங்கள் இந்த ரயிலைச் சொந்தக்காரரைப் போல் பார்க்கிறார்கள்.

போடியில் இறங்கியதுமே மூக்குக்கு விருந்து. மலையில் விளையும் ஏலக்காய்க்குப் போடி பெரிய சந்தை; வாசனைப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கும் ஊர் இது. அங்கிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வருகிறது. பத்தாவது வளைவுக்கு மேல் திரும்பிப் பார்த்தால், கீழே தேனிச் சீமை முழுவதும் பச்சைக் கட்டம் போட்ட சமுக்காளம் விரித்தாற்போல் கிடக்கிறது. மெட்டைத் தாண்டினால் கேரள ராஜ்யம்.

மெட்டுக்கு அப்பால் சூரியநெல்லி என்று ஓர் ஊர். கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் இங்கே ஜீப் பிடிக்க வேண்டும். கொழுக்குமலை தமிழ்நாட்டில் தேனி ஜில்லாவைச் சேர்ந்தது. ஆனால் வண்டிப் பாதையோ கேரளத்து வழியாகத்தான் இருக்கிறது. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கற்களைக் கொட்டி வைத்து, "முடிந்தால் இதன் மேல் போய்க்கொள்" என்று சொன்ன மாதிரி இருந்தது. எங்கள் எலும்புகள் ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தைத் தெரியப்படுத்தின. "இதை உடற்கூறு பாடம் என்று உங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றாள் என் மனைவி.

மேகத்துக்கு மேலே

மேலே போய் நின்றபோது சூரியன் இன்னும் உதிக்கவில்லை. எங்கள் காலடிக்குக் கீழே வெண்மேகம் சமுத்திரமாகப் பரந்திருந்தது. அதிலிருந்து மலைச் சிகரங்கள் தீவுகளைப் போல் எட்டிப் பார்த்தன. கீழ்வானம் முதலில் செம்பாகி, பிறகு தங்கமாகி, கடைசியில் கண்ணைக் கூசச் செய்தது. பக்கத்தில் நின்ற இருபது முப்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நம் ஜனங்கள் இருபது பேர் கூடிய இடத்தில் பேச்சு நிற்பது சாமானியமான விஷயமா?

சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தோட்டத்தை, உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் இன்றும் பழைய முறைதான். பறித்த இலையைப் பரப்பி வாட விடுகிறார்கள். பிறகு யந்திரத்தில் உருட்டுகிறார்கள். காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்கிறார்கள். சூட்டில் உலர்த்திச் சலிக்கிறார்கள். மற்ற இடங்களில் இலையை நொறுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. அந்தக் குருணை சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஏற்றது. இந்த இலைத் தேயிலைக்கோ வாசனைதான் விசேஷம். பால் சேர்க்காமல் குடித்துப் பார்த்தோம்.

கொழுக்குமலையின் கிழக்கு விளிம்பில் நின்று பார்த்தால், கீழே நேர் செங்குத்தாக ஒரு சரிவு. அதன் அடியில் குரங்கணி. அந்தச் சரிவைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 11

2018-ஆம் வருஷம் மார்ச் மாதம் 11-ஆம் தேதி, மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இந்தச் சரிவு வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடையின் ஆரம்பம், புல் காய்ந்து சருகாக நின்றது. காட்டுத் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாலிப வயதினர். புதிதாக மணமானவர்களும் இருந்தார்கள். முதலில் ஓடிச் சென்று, காயமடைந்தவர்களைத் தோளிலும் டோலியிலும் சுமந்து இறக்கியவர்களில் குரங்கணிப் பக்கத்துக் கிராமத்தார் முக்கியமானவர்கள். பிறகு விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன.

புல்வெளித் தீயின் சுபாவத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் போகும் தீயைவிட மேட்டை நோக்கி ஏறும் தீக்கு வேகம் அதிகம். சரிவில் ஜ்வாலை மேற்பக்கமாகச் சாய்ந்து, இன்னும் பற்றாத புல்லை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. மனிதனோ மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்கி மெதுவாகிறான். ஆகையால் தீயைக் கண்டு மலைமேல் ஓடுகிறவன் தோற்கிற பந்தயத்தில் ஓடுகிறான். எந்தப் பக்கம் ஏற்கெனவே எரிந்து கரியாகிவிட்டது, எங்கே பாறை இருக்கிறது, எங்கே ஓடை இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே வாழ்கிறவனுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிகள் ஏற்பட்டன. 2024-ஆம் வருஷம் அக்டோபரில் வனத்துறை 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் இளைஞர்களையும் பழங்குடி மக்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, அனுமதிச் சீட்டு முறையை ஆரம்பித்தது. "இதற்கெல்லாம் சர்க்கார் சீட்டா?" என்று முணுமுணுக்கிறவர்கள் ஒரு தடவை கொழுக்குமலை விளிம்பில் வந்து நின்று கீழே பார்க்கட்டும்.

மூணாற்றுக் கதை

அங்கிருந்து மூணாறு வந்தோம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுவதால் இந்தப் பெயர். 1877-ஆம் வருஷம் ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளைக்காரர் பூஞ்ஞாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். ஆனால் காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகள் மன்றோவின் கைகள் அல்ல. தமிழ்நாட்டிலிருந்து, போடி வழியாகவும் குரங்கணி வழியாகவும், குழந்தையை இடுப்பிலும் சட்டியை முந்தானையிலும் கட்டிக்கொண்டு ஏறி வந்த ஏழைகளின் கைகள் அவை.

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இன்று நம்புவது கடினம். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஆரம்பித்து, 1908-ல் சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டே கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்குப் போய், கடைசியில் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன. தேயிலைக்குக் கம்பிவழி, தேயிலை பறித்தவர்களுக்குக் கால்நடை! 1924-ஆம் வருஷம் ஜூலை மாத வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

நாம் சாகசம் என்று சொல்லுவது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தினசரி ஜீவனம். 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்களை மூடிவிட்டது. எழுபது உயிர்கள் போயின. அவர்கள் யாரும் உல்லாச யாத்திரைக்கு வந்தவர்கள் அல்லர்.

கூடாரத்தில் ஒரு ராத்திரி

மீசைப்புலிமலைக்குக் கேரள வன அபிவிருத்திக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது. ஜீப்பில் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிய மேட்டில் வரிசையாகக் கூடாரங்கள். இருட்டியதும் குளிர் தன் பராக்கிரமத்தைக் காட்டத் தொடங்கியது. கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்தியும் பற்கள் தாளம் போட்டன. ஆனால் கூடார வாசலைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால், மதுரை வானத்தில் நாங்கள் ஒருநாளும் கண்டிராத அத்தனை நட்சத்திரங்கள்! விடிந்தபோது பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தது.

எங்கள் வழிகாட்டிக்கு முப்பது வயது இருக்கும். அவருடைய பாட்டனார் குரங்கணிப் பாதை வழியாக நடந்து வந்து தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவராம். புறப்படுமுன் எங்கள் கூட்டத்தில் இருந்த எட்டுப் பேரையும் நிற்க வைத்து அவர் சொன்னார்: "சார், அக்கா, எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. தீப்பெட்டி இருந்தால் இங்கேயே கொடுத்துவிடுங்கள்."

எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் ஊர்க் குருசாமி இருமுடி கட்டும்போது சொல்லும் வார்த்தைகளுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

புல்லும் சோலையும்

இந்த மலைகளின் அமைப்பே அலாதியானது. மேடெல்லாம் புல்வெளி, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள மடிப்பிலே மட்டும் குட்டை மரங்கள் நெருங்கிய காடு. இந்தக் காட்டுக்கு உலகத்துத் தாவர சாஸ்திரிகள் எல்லோரும் வழங்கும் பெயர் 'சோலை' என்னும் நம் தமிழ்ச் சொல்தான். மழைநீரைப் புல்லும் சோலையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. இம்மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறக்கும் கொட்டகுடி ஆறு தேனிப் பக்கம் இறங்கி வைகையோடு சேருகிறது. மதுரைவாசிகளாகிய நாங்கள் எங்கள் ஆற்றின் வேர்களுக்குப் பக்கத்தில் நடந்தோம் என்று சொல்லலாம்.

ஓரிடத்தில் காட்டுப் பூவரச மரங்கள் இரண்டொரு சிவப்புப் பூங்கொத்துகளோடு நின்றன. இன்னோரிடத்தில் வழிகாட்டி கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். எதிர்ப் பாறையில் ஐந்தாறு வரையாடுகள்! தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுவே. வரை என்றால் மலை. அந்தப் பெயருக்கு ஏற்றபடி, ஈ நிற்கவும் இடமில்லாத பாறையில் அவை நின்றுகொண்டு எங்களை அலட்சியமாகப் பார்த்தன. மேற்கே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி தெளிவாகத் தெரிந்தது. அதைவிட உயர்ந்த சிகரம் தென்னிந்தியாவில் கிடையாது. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த மீசைப்புலிமலை 2,640 மீட்டர். அண்ணனுக்குத் தோள் வரைக்கும் வளர்ந்த தம்பி.

என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பது குடும்ப வைத்தியருக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். மலைக்கு அது தெரியவில்லை போலும். "ஏங்க, கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்" என்று என்னைத்தான் அவள் நாலு முறை அழைக்க வேண்டியிருந்தது.

நில் என்றால் நிற்பது

கடைசி மேடு கண்ணுக்குத் தெரிந்த சமயத்தில், கிழக்குப் பக்கத்திலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. ஐந்தே நிமிஷம். முன்னால் போகிறவரின் முதுகு மறைந்தது. பிறகு எங்கள் கால்களே மறைந்துவிட்டன. வழிகாட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பனி விலகவில்லை, காற்றுதான் பலமாயிற்று.

"இதற்கு மேல் இன்று வேண்டாம். திரும்பலாம்" என்றார் அவர்.

"இன்னும் எவ்வளவு தூரம், தம்பி?" என்று கேட்டாள் என் மனைவி.

"வழி தெரிந்தால் முக்கால் மணி, அக்கா. தெரியாவிட்டால் எவ்வளவு என்று சொல்ல முடியாது."

கூட்டத்தில் இருந்த இரண்டு வாலிபர்களுக்கு இது சம்மதமில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பதையும் பணம் கட்டியிருப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கள் கட்டிய பணம் கூட்டிப்போவதற்கு மட்டும் இல்லை, சார். திரும்பக் கூட்டிவந்து விடுவதற்கும் சேர்த்துத்தான்" என்றார்.

முதலில் எழுந்து திரும்பி நின்றது என் மனைவிதான். "மலை எங்கே போய்விடப் போகிறது? நாமும் எங்கேயும் போய்விடாமல் இருந்தால் இன்னொரு தடவை வரலாம்" என்றாள். அந்த வாலிபர்களும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்கள். இறங்கும்போது ஒரு நிமிஷம் பனித்திரை கிழிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்று மேலே, பாதையை ஒட்டியே பாறை அறுபட்டு அதலபாதாளமாக இறங்குவது தெரிந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு வழிகாட்டிக்குப் பின்னால் எங்கள் வரிசை வெகு ஒழுங்காகச் சென்றது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்த மலைகளுக்குப் போக விரும்பும் தம்பதிகளுக்குச் சொல்லுகிறேன். டிசம்பரும் ஜனவரியும் நல்ல காலம். மழைக் காலத்தில் வழுக்கலும் அட்டையும் உண்டு. கோடை ஆரம்பத்தில் தீ அபாயத்துக்காகப் பாதைகளை மூடியிருந்தால், சிபாரிசு தேடி அலையாமல் வீட்டில் இருங்கள். பிடிப்புள்ள ஜோடு, கம்பளிச் சட்டை, தண்ணீர், கொஞ்சம் கடலைமிட்டாய் போதும். கொண்டுபோன காகிதமும் புட்டியும் உங்களோடு திரும்பி வரட்டும். அனுமதி இல்லாத குறுக்குப் பாதையைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அவனுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அவருடைய பாட்டனார் ஏறிய பாதையில்தான் நாம் உல்லாசமாக ஏறுகிறோம்.

இன்னும் ஒரு சமாசாரம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்தப் புல்வெளிகளை நீலமாக்குகிறது. பூத்து விதை உதிர்த்ததும் அந்தச் செடி மடிந்துவிடும். மறு தலைமுறைச் செடி வளர்ந்து பூக்க மறுபடியும் பன்னிரண்டு வருஷம். குரங்கணியில் தீ எரிந்த அதே 2018-ல்தான், மழை பெய்த பிறகு, மூணாற்று மலைகளில் குறிஞ்சி பூத்தது. அடுத்த பூப்பு 2030-ல். என் மனைவி இப்போதே அந்த வருஷத்துக்கு நாள் குறித்துவிட்டாள். அதற்குள் நான் என் மூச்சைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு. தினமும் காலையில் வைகைக் கரையில் நடந்துகொண்டிருக்கிறேன்.